நோட்டு வேண்டாம், ஒரு நாள் லீவு போடுங்க

பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதே போன் வர ஆரம்பிச்சிரும். "உங்க கீரனூர்ப் பக்கம் கஷ்டப்படுற புள்ளைங்க ஒரு அம்பது பேருக்கு நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தரலாம்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து பேசியிருக்கோம், நல்ல ஸ்கூலா ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்பாங்க. துபாய்லேர்ந்து கேட்பாங்க, சிங்கப்பூர்லேர்ந்து கேட்பாங்க, இதோ இருக்கிற வேளச்சேரியிலேர்ந்தும் கேட்பாங்க. நல்ல மனசுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா என் பதில் ஒண்ணே ஒண்ணுதான். நோட்டு வேண்டாம்.

கோவிச்சுக்காதீங்க மக்களே, காரணத்தைச் சொல்லிடறேன்.

தமிழ்நாட்டுல அரசுப் பள்ளியில படிக்கிற புள்ளைக்கு என்னென்ன கிடைக்குதுன்னு ஒருதடவை விரல் விட்டு எண்ணிப் பாருங்க. பாடப்புத்தகம், நோட்டு, எட்டாவது வரைக்கும் சத்துணவு சாப்பிடுறவங்களுக்கு நாலு செட் சீருடை, செருப்பு, புத்தகப் பை, கலர் பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ், அட்லஸ், பஸ் பாஸ், பதினொண்ணாவது போனா சைக்கிள், மத்தியானம் முட்டையோட சோறு. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-லேர்ந்து மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலைச் சாப்பாடு வேற. சில வருஷம் சீருடை லேட்டாகும், நோட்டு கட்டு ஆடி மாசத்துலதான் வந்து இறங்கும். அது வேற சண்டை. ஆனா நீங்க காரை எடுத்துக்கிட்டு வந்து, ஒரு பிளக்ஸ் கட்டி, வரிசையில நிக்க வச்சு கொடுக்கப் போற பொருள்ல முக்கால்வாசி அந்தப் புள்ளை பையில ஏற்கனவே இருக்கு, இல்லேன்னா ரெண்டு மாசத்துல வந்துரும்.

அப்ப என்னதான் இல்லை? அலையறதுக்கு ஆள் இல்லை. பேப்பர் எழுதறதுக்கு ஆள் இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காக ஊரைப் பத்தி ரெண்டு வரி. திருச்சியிலேர்ந்து புதுக்கோட்டை போற ரோட்டுல கீரனூர். பேரூராட்சி, ரயில்வே ஸ்டேஷனும் உண்டு. தாலுகா பேரு குளத்தூர், ஆனா தாலுகா ஆபீஸ் இருக்கிறது கீரனூர்ல (புதுசா வர்றவங்க குழம்புறது சகஜம்). மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனா வானம் பார்த்த பூமி. மழை பெஞ்சா கடலை போடுவாங்க, பெய்யலேன்னா ஆம்பளைங்க திருப்பூருக்கோ திருச்சிக்கு கட்டட வேலைக்கோ போயிருவாங்க. ஊர்ல மிச்சம் இருக்கிறது அம்மாவும் அப்பத்தாவும் புள்ளைங்களும். பள்ளிக்கூடத்துலேர்ந்து "வருமானச் சான்று வாங்கிட்டு வா"ன்னு சொன்னா அதை வாங்க வேண்டியது அந்த அம்மாதான்.

இப்ப அந்த அம்மா கூடவே நடந்து பாருங்க. முதல்ல இ-சேவை மையம். அங்கே 60 ரூபாய். பதிஞ்சதுக்கு அப்புறம் விண்ணப்பம் விஏஓ கிட்ட போகும், ஆர்ஐ கிட்ட போகும், அப்புறம் தாலுகா ஆபீஸ். கம்ப்யூட்டர்ல போறதுதானே, அலைய வேண்டாமேன்னு நீங்க சொல்வீங்க. கம்ப்யூட்டர்ல போகும், நடுவுல ரெண்டு நாள் நிக்கும். "விஏஓவைப் பாத்துட்டு வாம்மா"ன்னு யாராவது சொல்லுவாங்க. விஏஓ அன்னிக்கு மீட்டிங்ல இருப்பார். 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கிறது பெரிய உபகாரம், மறுக்கவே முடியாது. ஆனா காலையில போன பஸ்ஸு மத்தியானம்தான் திரும்பும். அன்னிக்குக் கூலி போச்சு. இப்படி ஒரு சான்றிதழுக்கு ரெண்டு நாள், சில சமயம் மூணு நாள். ஜாதிச் சான்று ஒருதடவை வாங்கிட்டா தப்பிச்சோம். வருமானச் சான்று வருஷா வருஷம் புதுசா வேணும்.

பழங்குடிப் புள்ளைங்க கதை இன்னும் மோசம். எஸ்.டி. சான்று தாசில்தார் தர்றது இல்லை, கோட்டாட்சியர் தரணும். விசாரணை, விசாரணைக்கு மேல விசாரணை. நரிக்குறவர்களை எஸ்.டி. பட்டியல்ல சேர்க்கிற சட்டத்தை 2022 டிசம்பர்லதான் நாடாளுமன்றம் நிறைவேத்துச்சு. அதுக்கு முன்னாடி படிச்ச புள்ளைங்களுக்கு அந்த உதவியெல்லாம் பேருக்குக்கூட கிடையாது.

இவ்வளவு அலைஞ்சு கிடைக்கிறது எவ்வளவு? ஒன்பதாவது படிக்கிற கிராமத்துப் புள்ளைங்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வுன்னு ஒண்ணு உண்டு. மாவட்டத்துக்கு 50 பையன், 50 பொண்ணு. ஜெயிச்சா பன்னெண்டாவது வரைக்கும் ஆயிரம் ரூபாய். மாசத்துக்குன்னு நினைச்சீங்களா? வருஷத்துக்கு! மாசக் கணக்குல பார்த்தா 83 ரூபாய். அதுக்கும் வருமானச் சான்று. ஒரு மாவட்டத்துலேயே கெட்டிக்காரப் புள்ளைன்னு தேர்ந்தெடுத்துட்டு, உங்கப்பன் ஏழைதானான்னு நிரூபிக்கச் சொல்லி, கையில 83 ரூபாய் தர்ற கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

உருப்படியான தொகைன்னா என்எம்எம்எஸ். எட்டாவதுல பரீட்சை, தமிழ்நாட்டுக்கு 6,695 இடம், ஒன்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷம் 12,000 ரூபாய். மொத்தம் 48,000. ஒரு கூலிக் குடும்பத்துக்கு இது விளையாட்டுக் காசு இல்லை. "பன்னெண்டாவது வரைக்கும் படிக்கட்டும்"னு அப்பனே சொல்ல வைக்கிற காசு. ஆனா ஒருதடவை ஜெயிச்சா மட்டும் போதாது, வருஷா வருஷம் தேசிய உதவித்தொகை இணையதளத்துல புதுப்பிக்கணும். பள்ளிக்கூடம் சரிபார்க்கணும், மாவட்டத்துல சரிபார்க்கணும். அதுக்குள்ள தேதி முடிஞ்சா அந்த வருஷக் காசு அம்போ.

எங்க ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துல ஒரு பொண்ணு (பேரும் ஊரும் வேண்டாம்). என்எம்எம்எஸ் பாஸ் பண்ணி முதல் வருஷம் காசும் வந்துச்சு. அடுத்த வருஷம் வரலை. விசாரிச்சா கதை இப்படி. இணையதளத்துல கொடுத்திருந்த போன் நம்பர் அப்பாவோடது. அப்பா திருப்பூர்ல. இங்கே பட்டனைத் தட்டினா ஓடிபி திருப்பூருக்குப் போகுது. அவர் பனியன் கம்பெனியில ஷிப்ட்ல இருக்கார், போனை வெளியிலேயே வாங்கி வச்சுக்குவாங்களாம். அவர் வெளியே வந்து பாத்து, திரும்பக் கூப்பிட்டுச் சொல்றதுக்குள்ள ஓடிபி செத்துப் போச்சு. இப்படி நாலு நாள். அஞ்சாவது நாள் கடைசித் தேதி. அந்தப் பொண்ணு மூணு மாசம் முட்டி மோதிப் படிச்ச பரீட்சைக்குக் கிடைச்ச காசு ஒரு ஓடிபியில போச்சு. அவ அம்மா என்கிட்ட கேட்டாங்க, "அவ நல்லாத்தானே தம்பி படிக்கிறா, ஏன் நிறுத்திட்டாங்க?" பொண்ணு மேல ஏதோ தப்புன்னு நினைச்சிட்டாங்க.

வங்கிக் கணக்கு சமாச்சாரம் தனி புராணம். அரசாங்கப் பணம் நேரடியா வரும்போது, ஆதாரோட கடைசியா எந்தக் கணக்கை இணைச்சீங்களோ அதுல போய் விழும். பள்ளிக்கூடத்துல கொடுத்த பாஸ்புக்ல தேடினா இருக்காது. நடுவுல யாரோ முகாம் போட்டு ஒரு தபால் கணக்கு திறந்து வச்சிருப்பாங்க, காசு அங்கே பத்திரமா தூங்கிட்டு இருக்கும். வீட்டுல "வரவே இல்லை"ன்னு விட்டுருவாங்க. அப்புறம் நம்ம தமிழனோட இனிஷியல். பள்ளிக்கூடத்துல எம்.லட்சுமி, ஆதார்ல லட்சுமி முருகேசன், பேங்க்ல லட்சுமி எம். மூணும் ஒரே லட்சுமின்னு ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பதினஞ்சு வயசுல கைரேகை புதுப்பிக்கணும்கிற விதி வேற. பதினஞ்சுன்னா பத்தாவது. சரியா உதவித்தொகை வேண்டிய நேரத்துல ஆதார் மக்கர் பண்ணும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? மேல சொன்ன சோறு, சீருடை, பஸ் பாஸ், சைக்கிள் எதுக்கும் வருமானச் சான்று கிடையாது. அரசுப் பள்ளியில படிக்கிறியா, இந்தா வச்சுக்கோ. அவ்வளவுதான். அதனாலதான் அதெல்லாம் போய்ச் சேருது. 1920-ல சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில மத்தியானச் சாப்பாடு போட்டப்பவும் சரி, 1956-ல காமராஜர் ஆரம்பிச்சப்பவும் சரி, 1982-ல எம்ஜிஆர் சத்துணவுன்னு பெருசாக்கினப்பவும் சரி, "யாருக்கு, எத்தனை பேருக்கு, செலவு தாங்குமா"ங்கிற கேள்வி கூடவே வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வட்டத்தைப் பெருசாக்கினதுதான் ஜெயிச்சுது.

சைக்கிளும் அப்படித்தான். 2001 வாக்குல பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சது, அப்புறம் எல்லா மாணவ மாணவிகளுக்கும்னு ஆச்சு. பீகார்ல 2006-ல ஒன்பதாவது படிக்கிற பொண்ணுங்களுக்கு சைக்கிள் வாங்கக் காசு கொடுத்தாங்க. நம்ம கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ச்சி பண்ணி, உயர்நிலைப் பள்ளியில சேர்ற பொண்ணுங்க விகிதம் 32 சதவீதம் கூடுச்சுன்னு கணக்கு போட்டுக் காட்டினாங்க. ஒரு சைக்கிள்! யாரும் யார்கிட்டயும் போய் ஏழைன்னு நிரூபிக்காம கிடைச்ச சைக்கிள்.

2022-ல தாலிக்குத் தங்கம் திட்டத்தை புதுமைப் பெண் திட்டமா மாத்தினாங்களே, அதையும் இதே காரணத்துக்காகத்தான் நான் ஆதரிக்கிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-ல வந்த திருமண உதவித் திட்டத்துலயே எட்டாவது படிச்சிருக்கணும்னு ஒரு கொக்கி வச்சிருந்தாங்க, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். இப்ப அந்தக் காசே படிப்புக்கு வருது. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் ஆயிரம். வருமானம் கேட்கிறது இல்லை. எந்தப் பள்ளியில படிச்சேங்கிறதுதான் தகுதி. 2024 ஆகஸ்ட்ல பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன்னு வந்துச்சு. மருத்துவப் படிப்புக்கு 2020-ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இதே கணக்குதான். வீட்டு வருமானத்தைத் தோண்டறதை விட, எந்த பெஞ்சுல உக்காந்து படிச்சான்னு பாக்கறது லேசு. பொய் சொல்றதும் கஷ்டம்.

"வசதி இருக்கிறவனுக்கும் போகுதே"ன்னு ஒரு நண்பர் கண்டிப்பா கேட்பார். போகட்டுமே சார். கீரனூர் அரசுப் பள்ளியில படிக்கிற கோடீஸ்வரன் எத்தனை பேர் இருக்கப் போறான்?

இன்னொண்ணும் இருக்கு. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல (பேர் வேண்டாம், இப்ப எல்லாம் மாறியிருக்கும்) வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒருத்தர் நோட்டோட வகுப்புக்குள்ள வருவார். "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க" என்பார். எழுந்திரிப்பாங்க. பேர் எழுதிக்குவார். "உக்காருங்க" என்பார். உதவித்தொகைக்குத்தான் அந்தக் கணக்கு. நல்லதுக்குத்தான். ஆனா பக்கத்துல உக்காந்திருக்கிறவன் எழுந்து நின்னப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் மறக்கலை. ஒரு தடவை அவன் எழுந்திரிக்கவே இல்லை. அந்த வருஷம் அவனுக்குப் பணம் இல்லை.

நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிக்கல்வி இயக்குநரா இருந்த காலத்துல, 1958-லேர்ந்து ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டாங்க. ஊர்க்காரங்க கொடுத்த பெஞ்சு, மேசை, கட்டடம், துணி எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. சீருடை போட்டதுக்கு அப்புறம் எவன் வீட்டுச் சட்டை கிழிஞ்சதுன்னு பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்ம பிளக்ஸ் பேனர் உதவி அதுக்கு நேர் எதிர்ப் பக்கம் போகுது. அம்பது ஏழைப் புள்ளைங்களை எழுந்து நிக்கச் சொல்லி போட்டோ எடுக்குது.

இன்னும் ஒரு விஷயம் சொல்லணும், இது நிறைய பேருக்குத் தெரியாது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில படிக்கிற புள்ளையோட சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்துட்டாலோ நிரந்தரமா முடங்கிட்டாலோ, அந்தப் புள்ளை பேர்ல 75,000 ரூபாய் வைப்புநிதி போடற திட்டம் இருக்கு. அதுல வர்ற வட்டி படிப்புச் செலவுக்கு. புதுக்கோட்டை ரோட்டுல எத்தனை விபத்துன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். சைக்கிள்ல போய்ட்டிருந்த ஒரு சுமைத் தொழிலாளியை லாரி அடிச்சிருச்சு. ரெண்டு புள்ளைங்க. மூத்தவன் எட்டாவது. காரியம் முடிஞ்ச கையோட அவனை டீக்கடைக்கு அனுப்பிட்டாங்க. இப்படி ஒரு உதவி இருக்குன்னு அந்த வீட்டுக்குத் தெரிய வந்தது ஒரு வருஷம் கழிச்சு, ரேஷன் கடை வரிசையில. யாரோ ஒரு அம்மா பேச்சுவாக்குல சொன்னதுல. அதுக்கப்புறம் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுன்னு தேடி ஓடினாங்க. தம்பிக்காரன் பள்ளிக்கூடத்துல இருந்ததால அவனுக்கு விண்ணப்பிக்க முடிஞ்சுது. மூத்தவன் அதுக்குள்ள பள்ளிக்கூடத்துப் பட்டியல்லயே இல்லை.

அந்த வீட்டுக்கு அந்த வாரம் தேவைப்பட்டது நோட்டா? துக்கம் கேட்க வந்த நூறு பேர்ல ஒருத்தர், "புள்ளையை நிறுத்தாதீங்க ஆத்தா, இந்தப் பேப்பர் எல்லாம் நான் வாங்கித் தர்றேன்"னு சொல்லியிருந்தா போதும்.

இதையெல்லாம் அரசாங்கமே செய்யக்கூடாதான்னா, செய்யணும், செய்யத்தான் வேணும். ஒவ்வொரு புள்ளைக்கும் எமிஸ்ல நம்பர் இருக்கு, ரேஷன் கார்டு விவரம் இருக்கு, அண்ணனுக்குக் கொடுத்த ஜாதிச் சான்று கம்ப்யூட்டர்ல இருக்கு. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் அந்த அம்மாவை நடக்க விடணும்? பள்ளிக்கூடத்துலேயே முகாம் போட்டுச் சான்றிதழ் கொடுத்தது உண்டு, அதை வருஷா வருஷம் ஜூலையில கட்டாயம் ஆக்கலாம். அந்த ஊரகத் தேர்வுக்கு வருமான வரம்பே எதுக்கு? இதெல்லாம் கேட்டு எழுதுவோம், மனு போடுவோம். ஆனா அது நடக்கிற வரைக்கும் இந்த வருஷத்து எட்டாவது புள்ளை காத்துக்கிட்டு இருக்காது.

புதுக்கோட்டைக்காரனுக்கு இது புதுசும் இல்லை. 1991-ல ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப அறிவொளி இயக்கம் எப்படி நடந்துச்சுன்னு நம்ம பெரியவங்களைக் கேளுங்க. பொருள் ஒண்ணும் கொடுக்கலை. சாயந்திரம் ஆனா ஒரு தொண்டர் வந்து திண்ணையில உக்காருவார். கூலி வேலை முடிஞ்சு வந்த பொம்பளைங்க பக்கத்துல உக்காருவாங்க. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க, அப்படியே சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. கிராமத்துப் பெண்கள் லட்சம் பேருக்கு மேல சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட கதையை பி.சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரியும். கல்லுடைக்கிற பொம்பளையும் ஓட்டினாங்க, அங்கன்வாடி அம்மாவும் ஓட்டினாங்க. பக்கத்துல வந்து உக்கார ஆள் இருந்துச்சு, அதான் நடந்துச்சு. அன்னிக்கு அ ஆவன்னா. இன்னிக்கு அதே திண்ணையில ஓடிபி.

அதனால நோட்டுக்கு வச்சிருக்கிற காசை அப்படியே வச்சுக்கோங்க. பள்ளிக்கூடத்துக்கே கொடுக்கணும்னா 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி வழியா கொடுக்கலாம், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேட்டு கக்கூஸுக்குத் தண்ணி வர்றதுக்கு ஏதாவது பண்ணலாம். என்கிட்ட கேட்டா, ஒரு நாள் லீவு போட்டு வாங்க. ரெண்டு பேர் வந்தா போதும். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், ஹாட்ஸ்பாட். பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியர்கிட்ட முன்கூட்டியே அனுமதி கேட்டுட்டு, சனிக்கிழமை அம்மாக்களை வரச் சொல்லிடலாம். ஆதார் எந்த பேங்க்ல இணைஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்றது ஒரு வேலை. மூணு எடத்துலயும் பேர் ஒண்ணா இருக்கான்னு பாக்கறது ஒரு வேலை. பழைய என்எம்எம்எஸ் புள்ளைங்க புதுப்பிச்சாங்களான்னு பாக்கறது ஒரு வேலை. ஊர்ல இருக்கிற அம்மா நம்பரை இணையதளத்துல மாத்திவிட்டா திருப்பூர் ஓடிபி பிரச்சினை தீந்துச்சு. மே மாசம் ரிசல்ட் வந்த உடனே வர முடிஞ்சா இன்னும் நல்லது. பத்தாவதுல ஒரு பாடம் போன பையன் வீட்டுக்குப் போய், துணைத் தேர்வுக்குப் பேர் கொடுத்தியாடான்னு கேட்டு, கையோட கட்ட வச்சுட்டு வரலாம். ரிசல்ட் வந்த அன்னிக்குத் திருப்பூர் பஸ் ஏறினவனைத் திரும்பப் புடிக்கிறது ரொம்பக் கஷ்டம். ஏறறதுக்கு முன்னாடி புடிச்சா உண்டு.

போட்டோ வேண்டாம். அம்மாக்களோட ஆதார் நம்பரும் பாஸ்புக்கும் கையில வர்ற விஷயம், அதனால எழுதிக்கிட்டுப் போறது, போன்ல படம் எடுத்துக்கிறது எதுவும் கூடாது. வேலை முடிஞ்ச உடனே அவங்க பேப்பர் அவங்க கையில. இதுல மட்டும் நான் கறார்.

வர்றதா இருந்தா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க. திருச்சியில புதுக்கோட்டை பஸ் ஏறினா போதும், கீரனூர்ல நிக்குமான்னு மட்டும் கண்டக்டரைக் கேட்டுக்கோங்க, சில பஸ் நிக்காது. டீயும் மத்தியானச் சாப்பாடும் என் செலவு :-)